சான்றிதழ்க் கட்டு போதாது: செவிலியர் தன் பணித் தொகுப்பை எப்படிச் சேர்ப்பது

நேர்காணலுக்குப் போகும் மாணவிகள் முந்தைய நாள் தங்கள் ஃபைலை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ, பட்டம், செவிலியர் கவுன்சில் பதிவு, அவற்றின் பின்னால் கருத்தரங்குச் சான்றிதழ்கள் இருபதோ இருபத்தைந்தோ இருக்கும். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு நான் ஒன்றுதான் கேட்பேன்: "இதில் நீ எங்கேயம்மா இருக்கிறாய்?"

பெரும்பாலும் பதில் வராது. எந்த வார்டில் அவள் கை தேர்ந்தது, எந்த நோயாளியிடம் தடுமாறினாள், அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டாள் என்று சொல்ல அந்த ஃபைலில் ஒரு தாள்கூட இருக்காது. நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் வார்டில் நின்றவளிடம் அதற்கு அடையாளமே இல்லை. அந்த அடையாளத்தைச் சேர்த்து வைப்பதற்குப் பெயர்தான் போர்ட்ஃபோலியோ. பணித் தொகுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துப் பதினோரு ஆண்டுகள் வார்டில் இருந்தேன். பிறகு பட்டயம் முடித்தவர்கள் பட்டம் பெறப் படிக்கும் போஸ்ட் பேசிக், அதன் பின் எம்.எஸ்சி. படித்து இப்போது கற்பிக்கிறேன். இந்தத் தொகுப்பை நான் தாமதமாகவே தொடங்கினேன். அந்தத் தாமதத்தால் இழந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் காகிதங்கள்

என் முதல் வேலை முப்பது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில். இரண்டரை ஆண்டுகள் அங்கே பிரசவ அறையும் பொது வார்டும் பார்த்தேன். வேலையை விட்டபோது அனுபவச் சான்றிதழ் கேட்டேன். "பிறகு வாருங்கள்" என்றார்கள். நானும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகள் கழித்து வளைகுடா நாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்த மருத்துவமனையே மூடப்பட்டிருந்தது. அங்கெல்லாம் நாம் கொடுக்கும் நகலை நம்புவதில்லை. டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் சான்றிதழ் கொடுத்த இடத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்கும். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லாததால் என் இரண்டரை ஆண்டுகள் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஓர் இடத்தில் வேலை பார்க்கும்போதே அந்த இடத்துக் காகிதங்களை வாங்கிவிடுங்கள். நியமன ஆணை, ஊதியச் சீட்டு, வார்டு மாற்ற ஆணை, பயிற்சிப் பதிவு எதையும் விடாதீர்கள். வேலையை விடும்போது வாங்கும் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, பணிபுரிந்த பிரிவு, படுக்கை எண்ணிக்கை, முழுநேரமா பகுதிநேரமா என்பது வரை இருக்க வேண்டும். 'இவர் எங்களிடம் நன்றாகப் பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களாக எழுதித் தருவார்கள் என்று காத்திருக்காமல் ஒரு மாதிரியைத் தட்டச்சு செய்து நீங்களே கொண்டுபோங்கள். அலுவலகத்தில் பெரும்பாலும் அதையே லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம் ஊரில் செவிலியர்கள் அதிகம் அலைவது இதற்காகத்தான். பத்தாம் வகுப்புப் பட்டியலில் அப்பாவின் இனிஷியல் முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். திருமணத்துக்குப் பிறகு சேர்ந்த மருத்துவமனையின் பதிவேட்டில் கணவரின் இனிஷியல் ஏறியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டில் கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று ஆட்கள். இன்றே எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கவுன்சில் பதிவில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்தத் தொடங்குங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருந்தால் அதற்கும் காலம் பிடிக்கும். வேலை உறுதியான பிறகு ஓடினால் வேலைதான் போகும்.

போஸ்ட் பேசிக், எம்.எஸ்சி. முடித்தவர்கள் அந்தக் கூடுதல் தகுதியையும் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் (கவுன்சிலில்) பதிவு செய்ய வேண்டும். பட்டம் வாங்கியதோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக அரசு அத்தாட்சி வாங்க அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் என்று போகும்போது அசலின் பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டியிருக்கும். பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போய்க் காகிதமே கிழிந்து, ஒரு தோழி அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு

காகிதங்கள் தகுதியைக் காட்டும். வேலையைக் காட்ட வேண்டுமானால் நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பணி முடிந்து, உடை மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்று புதிதாகச் செய்தது என்ன, கையை நடுங்க வைத்தது என்ன, யாரிடம் என்ன கற்றேன்? நான்கைந்து வரி எழுதினால் போதும், அழகாக எழுத வேண்டியதில்லை. வாரக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் திங்கட்கிழமை நடந்தது ஞாயிற்றுக்கிழமை நினைவில் இருக்காது.

மாதம் ஒருமுறை அந்த நோட்டைப் படித்துப் பாருங்கள். மனதில் தங்கிய ஒரே ஒரு நிகழ்வை எடுத்து ஒரு பக்கத்துக்கு விரித்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்ஷன் என்பார்கள். கிரஹாம் கிப்ஸ் 1988-ல் வகுத்த சுற்று பாடத்தில் வருகிறது: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது சரி எது தவறு, ஏன் அப்படி ஆனது, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். வார்டில்தான் இதற்கு வேலை இருக்கிறது.

நான் எழுதிய பக்கம் ஒன்றின் சாரத்தைத் தருகிறேன். அப்போது எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, காலில் எடை கட்டி இழுக்கும் இழுவை போட்டுக் கிடந்தார் ஒரு வயதான அம்மா. திருப்பிப் படுக்க வைக்கப் போனால், "வலிக்கிறது தாயே, இப்படியே விட்டுவிடு" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு விரிப்பு மாற்றும்போது பார்த்தால் முதுகின் கீழே, திரிக எலும்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருப்பதால் வரும் அழுத்தப் புண்ணின் முதல் நிலை.

அந்தப் பக்கத்தில் 'என் தவறு' என்று மட்டும் எழுதி முடித்திருந்தால் அது வெறும் புலம்பலாகியிருக்கும். ஏன் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வலி மருந்து இரவு ஒன்பது மணிக்குப் போனது. நான் திருப்பப் போனது அதன் வேகம் அடங்கிய பிறகு. என் இரக்கம் பொய்யில்லை, ஆனால் நேரத்தைத் தவறாக வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த இரவு, மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து, முழுவதும் புரட்டாமல் தலையணை கொடுத்து முப்பது டிகிரி மட்டும் சாய்த்தோம். அந்த அம்மா முனகினார், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் படுக்க வைத்தோம் என்று குறிக்க ஓர் அட்டவணை வரைந்து கட்டிலில் தொங்கவிட்டேன். வார்டு இன்சார்ஜ் அக்கா அதைப் பார்த்துவிட்டு மற்றக் கட்டில்களுக்கும் போடச் சொன்னார்.

அந்த நிகழ்வுக்காக என் தொகுப்பில் இப்போது இருப்பவை மூன்று: அந்த ஒரு பக்கம், அட்டவணையின் வெற்றுப் படிவம், "இதை இந்த வார்டில் தொடங்கியவர் இவர்" என்று இன்சார்ஜ் அக்கா கையெழுத்திட்டுக் கொடுத்த நான்கு வரி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஆதாரம். நீங்களும் வார்டில் எதையாவது மாற்றினால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். அந்த மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்குப் புதிதாகப் புண் வந்தது, சேரும்போது, புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் எவ்வளவு இருந்தார்கள்? அந்த அளவுகோலில் 6 முதல் 23 வரை மதிப்பெண். 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து உண்டு என்று கொள்வார்கள். நான் அப்போது எண்ணாமல் விட்டுவிட்டேன். எண்ணியிருந்தால் அது ஒரு சிறிய ஆய்வாகவே ஆகியிருக்கும்.

நோயாளி தெரியக் கூடாது

இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொகுப்பில் நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), ஊர், தேதி எதுவும் வரக் கூடாது. கேஸ் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு ஃபைலில் வைத்திருந்த ஒரு பையனைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பெயர் அப்படியே தெரிந்தது. சிறிய ஊரில் பெயர்கூட வேண்டாம். 'பள்ளி ஆசிரியை, இரட்டைக் குழந்தை' என்றாலே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். புண்ணைக் கைபேசியில் படம் எடுப்பதும் வேண்டாம். உங்கள் கற்றலுக்காக என்றாலும் அது அவருடைய உடம்பு. நான் மேலே எழுதிய அம்மாவைப் பற்றியும் வயது, ஊர், ஆண்டு எதையும் சொல்லவில்லை. பாடத்துக்கு அவை தேவைப்படவும் இல்லை.

திறன்களை எழுதும் விதம்

'ஐ.வி. கானுலா போடத் தெரியும், கதீட்டர் தெரியும், வென்டிலேட்டர் தெரியும்' என்று பட்டியலிடுவதில் பயனில்லை. கல்லூரியில் லாக் புக்கில் இருந்த பத்திகளையே வேலைக்கு வந்த பின்னும் தொடருங்கள்: பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்தேன். எதிரே சரிபார்த்தவரின் கையெழுத்து வாங்குங்கள். பாட்ரிசியா பென்னர் 1984-ல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார், புதியவரில் தொடங்கி வல்லுநர் வரை. அந்தப் படிகளில் எந்தத் திறனில் எங்கே நிற்கிறீர்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை பென்சிலால் குறித்துப் பாருங்கள். பிரசவ அறையில் தேர்ந்த கை உள்ளவர் டயாலிசிஸ் பிரிவுக்கு மாறினால் அங்கே அவர் புதியவர்தான். அதை எழுதுவதில் வெட்கம் எதற்கு? தெரியாததைத் தெரியும் என்று எழுதியவர் மாட்டிக்கொள்வது நேர்காணலில் அல்ல, நள்ளிரவில் வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது.

இதயம் நின்றவரைக் காப்பாற்றும் பயிற்சிகளான பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். ஆகியவற்றின் சான்றிதழ்கள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதி நாளை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கருத்தரங்குச் சான்றிதழ்களில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதா, கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பதிவுப் புதுப்பித்தலுக்கு 5 ஆண்டில் 150 மணி நேரத் தொடர் கல்வி என்று வகுத்திருக்கிறது. மணி நேரம் குறிப்பிடாத சான்றிதழை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பீர்கள்? ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சிறு சீட்டில் 'இதில் கற்றது எது, வார்டில் அதை எங்கே பயன்படுத்தினேன்' என்று இரண்டு வரி எழுதி இணையுங்கள். எழுத எதுவும் வராத சான்றிதழைத் தனி உறையில் போட்டுவிடுங்கள். காட்டுவதற்கான தொகுப்பில் அதற்கு இடம் வேண்டாம்.

பிரிட்டன் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் நாளைக்கும் கைகொடுக்கும். அங்கே 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு செவிலியரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தன் பதிவைத் தக்கவைக்க 450 மணி நேரப் பணி, 35 மணி நேரத் தொடர் கற்றல், தன் பணியைப் பற்றிப் பிறர் சொன்ன கருத்து ஐந்து, தானே எழுதிய ரிஃப்ளெக்ஷன் ஐந்து ஆகியவற்றைக் காட்ட வேண்டும். கற்றலில் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு கலந்து கற்றதாக இருக்க வேண்டும். எழுதிய ரிஃப்ளெக்ஷன்களைப் பற்றி இன்னொரு பதிவுபெற்ற செவிலியரோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். இங்கே பிறர் கருத்தை எழுதி வாங்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. நோயாளியின் மகள் கையைப் பிடித்து நன்றி சொல்வார், நாமும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். அன்றைய நோட்டில் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதிவைத்தால் அதுவும் ஒரு கருத்துதான். டாக்டரோ, உடன் பணிபுரிபவரோ, வார்டு உதவியாளரோ சொன்ன குறையையும் அதே போல எழுதுங்கள். குறையே இல்லாத தொகுப்பை நான் முழுதாக நம்புவதில்லை.

படிப்புப் பக்கம்

கற்பிக்கும் பணிக்கோ மேற்படிப்புக்கோ போகிறவர்கள் தங்கள் பாடத் திட்டங்களைத் தூக்கிப் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கால் பராமரிப்பு பற்றிப் பேசப் போனாள். 'பாதங்களை எப்போதும் உலர்வாக வைத்திருக்க வேண்டும்' என்று அழகாகப் படம் வரைந்து அட்டை தயாரித்திருந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறோம் பிள்ளை, எங்கே உலர வைக்க?" என்று கேட்டார். இவள் முகம் வாடிவிட்டது. அன்று இரவே உட்கார்ந்து மாற்றினாள்: வேலை முடிந்த உடனே நல்ல தண்ணீரில் கழுவுவது, விரல் இடுக்குகளைத் துணியால் துடைப்பது, படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பார்ப்பது, வெடிப்பில் சீழ் கண்டால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவது. முதல் அட்டையைக் கிழிக்கப் போனவளைத் தடுத்தேன். இரண்டு அட்டையும் அந்தப் பெண் கேட்ட கேள்வியும் ஒரே உறையில் இருக்கின்றன. அவள் ஃபைலிலேயே அதுதான் சிறந்த பக்கம்.

ஆய்வு செய்தவர்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம், ஆய்வுக் கருவியை (வினாத்தாள், அளவுகோல் போன்றவற்றை) பயன்படுத்த வாங்கிய அனுமதி, சுருக்கம் மூன்றையும் வையுங்கள். பலர் சேர்ந்து செய்த ஆய்வென்றால் உங்கள் பங்கு என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தரவு சேகரித்தவர் 'ஆய்வு நடத்தினேன்' என்று எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் ஒன்றை இப்போதே இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு இலக்கம். பிற்காலத்தில் பெயரில் இனிஷியல் மாறினாலும் உங்கள் கட்டுரை உங்களோடு இருக்கும்.

பாதுகாப்பு

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த சான்றிதழ்களை இழந்தன. என் பழைய மாணவி ஒருத்தி மதிப்பெண் பட்டியலைக் கயிற்றில் துணி போலக் காயப் போட்டிருந்தாள். மை கரைந்து எண்களே தெரியவில்லை. அசல்களை நீர் புகாத உறையில் வீட்டின் உயரமான இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்து டிஜிலாக்கர், கூகுள் டிரைவ் இரண்டிலும் ஏற்றுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள்: '2021 அனுபவம் எலும்பு முறிவு வார்டு' என்பது போல. 'ஸ்கேன் 0047' என்று வைத்தால் தேவைப்படும் இரவில் கிடைக்காது.

எடுத்துப் போகும்போது

வீட்டில் இருப்பது முழுத் தொகுப்பு. நேர்காணலுக்கு எடுத்துப் போவது அதிலிருந்து பொறுக்கிய பத்துப் பன்னிரண்டு பக்கம். ஐ.சி.யூ. வேலைக்கென்றால் ஐ.சி.யூ. பக்கங்கள், கல்லூரிக்கென்றால் பாடத் திட்டமும் ஆய்வும். மேலே ஒரு பக்கச் சுருக்கம் வையுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு போன்ற அரசு வழிகளில் இந்த ரிஃப்ளெக்ஷன் பக்கங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே அசல் சான்றிதழ்களும் பதிவும் சரியாக இருந்தால் போதும், அந்தக் கட்டைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

இப்போதைய வேலைக்கான நேர்காணலில் கல்லூரி முதல்வர் அம்மா என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்த அழுத்தப் புண் பக்கத்தில் நிறுத்தி முழுவதையும் படித்தார். பிறகு, "இந்த அட்டவணை இப்போதும் அந்த வார்டில் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் இரவுப் பணியில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் உள்ள கட்டங்கள் பல நாள் நிரப்பப்படாமல் இருக்கின்றன என்றேன். முந்தைய நாள்தான் இன்சார்ஜ் அக்காவுக்குப் போன் செய்து கேட்டிருந்தேன். நீங்களும் போவதற்கு முந்தைய நாள் உங்கள் பக்கங்களில் இருக்கும் ஒவ்வொரு வேலையும் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று பழைய வார்டுக்கு ஒரு போன் செய்துவிட்டுப் போங்கள்.